“அன்னம்மா எப்படியிருக்காங்க?” என்று கேட்ட தலைமையாசிரியைக்கு

தலைமையாசிரியை மாடில்டா காப்ரியல் அவர்களே!

இந்தக் காலத்தில் மன்னிப்புக் கேட்பதற்கு வாய் மட்டும் இருந்தால் போதும் என்றாகிவிட்டது. பிள்ளைகள் சன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டு “சோரி லா” என்கிறார்கள். சொல்லி முடிப்பதற்குள் கால் திடலுக்குப் போய்விடுகிறது. கல்யாணத்துக்கு அழைக்க மறந்தவன் சந்தையில் எதிரே வந்து, “மறந்துட்டோம் மாமா, கோவிச்சுக்காதீங்க” என்று பல்லைக் காட்டுகிறான். காட்டிய பல்லோடு சரி, கல்யாணச் சோறு போனது போனதுதான். பாராட்டும் அப்படியே மலிந்துவிட்டது. நாற்காலியைத் தேய்த்துவிட்டுப் போகிறவருக்கும் ஒரு மடல், ஒரு பொன்னாடை, ஒரு கண்ணாடிச் சட்டம். கலங்கரை விளக்கமே என்கிறார்கள். கலங்கரை விளக்கம் கோலா சிலாங்கூர் குன்றின்மேல் இருக்கிறது. அதை நேரில் பார்த்தவர்கள் ஓர் ஆசிரியரை அப்படிக் கூப்பிடமாட்டார்கள்.

உங்கள் ஓய்வு விழாவுக்காக ரமணி டீச்சர்கூட ஒரு பாராட்டு மடல் எழுதிக்கொண்டு வந்தார். நன்றாகத்தான் இருந்தது. எந்தத் தலைமையாசிரியைக்கு வாசித்தாலும் பொருந்தும், அவ்வளவு நன்றாக இருந்தது. கடைசியில் ஆசிரியர்களும் பணியாளர்களும் பெற்றோரும் கூடிப் பேசி, உங்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டொழுங்கு விசாரணையிலும் உங்களோடு மல்லுக்கு நின்ற கிழவரே சொல்லட்டும் என்று விட்டுவிட்டார்கள். அந்தக் கிழவர் ரெங்கசாமி. இந்தத் தோட்டத்தில் மண்டோராக இருந்து ஆள் மேய்த்து ஓய்ந்தவர். பெற்றோர் சங்கத்தின் சார்பில் விசாரணைக்கு வருகிறவர். படிப்பு மூன்றாம் வகுப்போடு முடிந்தது. மடலில் ‘நான்’ வரக்கூடாதாம், எல்லார் சார்பிலும் பேச வேண்டுமாம். சரி, ரெங்கசாமி என்றே வரட்டும். வாய் அவருடையது, எழுத்து ரமணி டீச்சருடையது, பிழை இருந்தால் இருவரும் பங்கு போட்டுக்கொள்வார்கள்.

அழுகைக்கு அசையாத அம்மையே! ஆத்திரத்துக்கு அஞ்சாத ஆசிரியையே! கிள்ளான் பேருந்தில் வந்திறங்கி, செம்மண் சாலையில் சேலை நுனியைத் தூக்கிப் பிடித்து நடந்து வந்து, எங்கள் பிள்ளைகளின் மனத்துக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தவரே!

நீங்கள் வருமுன் இந்தத் தோட்டத்துப் பிள்ளைகள் செய்த தப்புகளெல்லாம் ரெங்கசாமியின் வாசலுக்குத்தான் வரும். கோழி திருடினவனைக் காதைப் பிடித்து இழுத்து வருவார்கள். “மண்டோரு, நீங்களே கேளுங்க” என்பார்கள். அவர் கேட்பார். கேட்பதற்கு முன்னாலேயே அவருக்குத் தெரிந்துவிடும். விடியற்காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது, வேலைக்கு மட்டம் போட்டவன் எவன், உண்மையாகவே காய்ச்சலில் கிடந்தவன் எவன் என்று நிற்கிற நிலையை வைத்தே சொல்லிவிடுவார் அவர். தோளில் கிடக்கும் துண்டை இடுப்புக்கு இறக்கி, கையைக் கட்டி, கண்ணைத் தரையில் போட்டு நிற்கிறானா? வருந்துகிறான், விட்டுவிடலாம். நிமிர்ந்து நிற்கிறானா? திமிர், வேலையை நிறுத்து. இந்த அளவுகோல் அவரை ஏமாற்றியதாக அவர் வரையில் ஒரு நாளும் இல்லை.

பிறகு நீங்கள் வந்தீர்கள். வந்த மறுவருடமே, “மண்டோர் வீட்டுக்கு எதுக்கு, டீச்சர்கிட்ட போவோம்” என்று பேச்சு மாறிவிட்டது. அதுவும் யார்? காதைப் பிடித்து இழுத்து வந்த பெற்றோர் இல்லை. தப்புச் செய்த பிள்ளைகளே தாமாக நடந்து உங்கள் அறைக்குப் போனார்கள்! ரெங்கசாமிக்கு வயிறு எரிந்தது. ‘மனம் சற்றே வாடியது’ என்று எழுதலாமா என்று ரமணி டீச்சர் கேட்டார். வாடவில்லை. எரிந்தது.

நீதி நெறி நின்ற நங்கையே! எண்பத்தொன்றாம் ஆண்டு தீபாவளிக்கு முந்தைய வாரம் நடந்ததை இந்தச் சபை அறியும். ஆனால் பாதிதான் அறியும். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையின் பின்பக்கம் இரண்டு பையன்கள் மூங்கில் வெடி போட்டார்கள். மூங்கில் குழாயில் கார்பைட் கல்லைப் போட்டு, தண்ணீர் ஊற்றி, நெருப்பைக் காட்டினால் பீரங்கி மாதிரி வெடிக்கிற வெடி. உள்ளே சிற்றுண்டிச்சாலை நடத்தும் அன்னம்மா தேநீருக்குக் கொதித்த பானையை இறக்கிக்கொண்டிருந்தார். வெடித்த சத்தத்தில் பானை சரிந்தது. இடது கை முழங்கை வரைக்கும் வெந்துபோனது.

ஓடிப் பிடிபட்டவர்கள் இரண்டு பேர், இரண்டு பேரும் ஆறாம் வகுப்பு. ஒருவன் வாசு, களையெடுக்கிற நல்லம்மாளின் மகன், தகப்பன் இல்லாதவன். மற்றவன் சேது. ரெங்கசாமியின் மகள் வயிற்றுப் பேரன், அவர் வீட்டிலேயே வளர்ந்தவன்.

சொந்தப் பேரன் வழக்கில் நீங்கள் எழுந்து போங்கள் என்று நீங்கள் சொல்லவில்லை, அம்மையே. “உக்காருங்க மண்டோரையா, உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்” என்றீர்கள். அந்த மரியாதையை அவர் இன்றும் மறக்கவில்லை. மறக்க முயன்று பார்த்தார்.

சேது கையைக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தான். கண் தரையில். வந்ததும் ஓவென்று அழுதான். தாத்தாவின் காலில் விழுந்தான்.

“தெரியாம செஞ்சிட்டேன் தாத்தா! வாசுதான் பத்த வச்சான். நான் கூட நின்னேன், அவ்ளோதான். இனிமே செய்யவே மாட்டேன் தாத்தா!”

ரெங்கசாமியின் நெஞ்சு நிறைந்தது. வளர்ப்பு வீண்போகவில்லை என்று துணைத் தலைமையாசிரியர் ஐயாவு சாரைப் பார்த்தார். ஐயாவு சார் தலையாட்டினார். கடைசியாகப் பேசியவர் பக்கம் தலையாட்டுவது அவர் வழக்கம். சிரிக்காதீர்கள் சார், ஊருக்கே தெரியும்.

வாசு வந்தான். கை கட்டவில்லை. இரண்டு கையும் இரண்டு பக்கமும் தொங்கின. கண் எதிர்ச் சுவரில் இருந்தது. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

“நீயாடா பத்த வச்சே?” என்றார் ரெங்கசாமி.

“ம்.”

“வருத்தமா இருக்கா இல்லையா?”

“தெரியல.”

“தெரியலயா! பாத்தீங்களா டீச்சர், கல்லு மாதிரி நிக்கிறான். ஒரு பொம்பளை கை வெந்து கிடக்குறா, இவனுக்குத் தெரியலயாம்! பேரை வெட்டுங்க. இவனைப் பாத்து மத்ததும் கெட்டுப்போகும். அவனுக்கு” என்று சேதுவைக் காட்டி, “ரெண்டு அடி குடுத்து விடுங்க. மனசு திருந்திட்டான்.”

பெயர் வெட்டினால் என்ன ஆகும் என்று அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். கோலா சிலாங்கூர் இடைநிலைப் பள்ளி இல்லை. மறுநாளே அம்மாவோடு செம்பனை மரத்தடியில் உதிரிப் பழம் பொறுக்கப் போவான், அப்படியே நரைப்பான். வெளியே நின்ற நல்லம்மாள் கதவைத் திறந்து உள்ளே வந்து, முந்தானையை இடுப்பில் செருகி, கையைக் கட்டி, கண்ணைத் தரையில் போட்டு, மண்டோருக்கு எதிரே நின்றார்.

நீங்கள் அந்தத் தாயைப் பார்த்தீர்கள். பிறகு இன்னும் கையைக் கட்டியபடி மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்த சேதுவைப் பார்த்தீர்கள். பிறகு ரெங்கசாமியைப் பார்த்தீர்கள். ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள் என்று அவருக்கு அப்போது விளங்கவில்லை.

“ரெண்டு பேரும் பைப்படிக்குப் போய் முகத்தைக் கழுவிட்டு வாங்க” என்றீர்கள். “ஒவ்வொருத்தரா வாங்க.”

கழுவிய முகத்தோடு சேது முதலில் வந்தான். நீங்கள் வெடியைப் பற்றிக் கேட்கவில்லை. யார் பற்ற வைத்தது என்று கேட்கவில்லை. வருத்தமா என்றும் கேட்கவில்லை.

“அன்னம்மா எப்படியிருக்காங்க?”

சேது விழித்தான். “நல்லா இருப்பாங்க டீச்சர்… ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துட்டாங்கல்ல… டீச்சர், இதை சபையில சொல்லுவீங்களா? தாத்தா ரெண்டு நாளா எங்கிட்ட பேசல டீச்சர்…”

அடுத்து வாசு. அதே கேள்வி. அவன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லமாட்டான் என்றுதான் ரெங்கசாமி நினைத்தார்.

“சேலை கட்ட முடியல” என்றான். “பக்கத்து வீட்டு அக்கா வந்து கட்டி விடுது. பால் டின்னு தொறக்க வரல. முட்டியில இடுக்கிக்கிட்டு ஒரு கையால குத்திப் பாத்தாங்க, உருண்டு ஓடிடுச்சு. அப்புறம் கடுங்காப்பியே குடிச்சாங்க.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“அவங்க லயத்து வீட்டுக்குப் பின்னால நின்னு பாத்தேன்.”

“உள்ள போக வேண்டியதுதானே? திட்டுவாங்கன்னு பயமா?”

“திட்டினா பரவால்ல டீச்சர்” என்றான் அவன். “அழுதுட்டாங்கன்னா?”

ஐயாவு சார் அன்று யாரும் பேசாமலே தலையாட்டினார்.

நீங்கள் தீர்ப்புச் சொன்னீர்கள். பெயர் வெட்டு இல்லை. பிரம்பு இல்லை. அன்னம்மாவின் கை ஆறும் வரை, காலையில் பள்ளி தொடங்குமுன் இரண்டு பேரும் சிற்றுண்டிச்சாலைக்குப் போய் அவருடைய இடது கையாக இருக்க வேண்டும். டின் திறக்க வேண்டும், பானை பிடிக்க வேண்டும், வெங்காயம் உரிக்க வேண்டும், அவர் திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டும், அழுதால் அங்கேயே நிற்க வேண்டும்.

“இது தண்டனையா டீச்சர்?” என்று ரெங்கசாமி மேசையைத் தட்டினார். “ஒரே தீர்ப்பா ரெண்டு பேருக்கும்? காலைப் பிடிச்சு அழுதவனும் ஒண்ணு, கட்டை மாதிரி நின்னவனும் ஒண்ணா?”

“கை கட்டி, தலை குனிஞ்சு நிக்கிறது வருத்தம் இல்ல மண்டோரையா. அது பழக்கம். அப்பா அம்மா பெரட்டுல நிக்கிறதைப் பாத்து வந்தது.” குரலை உயர்த்தாமல் சொன்னீர்கள். “உங்க முன்னால நிக்கிறதைப் பாத்து வந்தது.”

எண்ணிப் பேசும் ஏந்திழையே! அந்த ஒரு வாக்கியத்துக்காக ரெங்கசாமி பல மாதம் தாமாக வந்து உங்களோடு பேசவில்லை. சாலையில் வந்தால் செம்பனைக்குள் இறங்கி நடந்தார். தன் ஆயுசு முழுக்கத் தன் முன்னால் குனிந்த தலைகளை எல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். எது வருத்தம், எது வயிற்றுப்பாடு என்று பிரிக்கத் தெரியவில்லை. அது உங்கள் குற்றம். அதுவரை அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

உங்கள் முறையும் ஓட்டை இல்லாதது அல்ல என்பதை இந்தச் சபையில் பதிவு செய்ய ரெங்கசாமி விரும்புகிறார். அமராவதி என்று ஒரு பெண்பிள்ளை. தோழியின் பாடநூலைக் கிழித்துவிட்டு, நீங்கள் கேட்டதும், கிழிபட்டவள் எப்படிச் சாப்பிடவில்லை, எப்படித் தூங்கவில்லை என்று கண் முன்னால் படம் போட்டுக் காட்டினாள். உங்கள் கண்ணே கலங்கியது. மறுவாரம் அதே தோழியின் அடுத்த நூலையும் கிழித்தாள். “ஏமாந்துட்டேன் மண்டோரையா” என்று நீங்கள் வாய்விட்டுச் சிரித்தீர்கள். ரெங்கசாமிக்கு அன்று சாப்பாடு ருசித்தது.

அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துபோனது. விசாரணைக்கு முந்தின நாளே அடிபட்டவன் வீட்டுக்கு ஓடினார்கள். காயத்தைப் பார்த்தார்கள், மாங்காய் கொண்டுபோய்க் கொடுத்தார்கள், பக்கத்தில் உட்கார்ந்தார்கள். “எல்லாம் நடிப்பு டீச்சர், நீங்க கேக்குற கேள்விக்குப் பதில் தேடிப் போகுதுங்க” என்றார் ரெங்கசாமி. “அப்படியாவது போய்ப் பாக்கிறாங்களே” என்றீர்கள். இது ஒரு பதிலா? ஐயாவு சார் பதில்தான் என்று தலையாட்டினார். ரெங்கசாமி ஒப்பவில்லை.

வாசுவையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கணிப்பு அவ்வளவு உசத்தி என்றால் அவன் இன்று பெரிய ஆளாக வந்திருக்க வேண்டாமா? சுங்கை செம்பிலாங்கில் மீன் வியாபாரியிடம் ஐஸ் பெட்டி தூக்குகிறான். வாரம் தவறாமல் அன்னம்மாவுக்கு மீன் கொண்டுவருகிறான் என்கிறார்கள். கொண்டுவரட்டும். நல்லவன்தான். நல்லவன் என்று முதலிலேயே அந்த அறையில் கண்டுகொண்டவர் நீங்கள் ஒருவர் என்பதைத்தான் ரெங்கசாமியால் விழுங்க முடியவில்லை.

இனி இந்தச் சபை அறியாத பாதி.

அன்னம்மாவின் கை ஆறுவதற்கு முன்பே, ஒரு நாள் நீங்கள் ரெங்கசாமியை அழைத்துவிட்டீர்கள். அவர் உட்காரவில்லை. நீங்கள் சொன்னதை நின்றபடியே கேட்டார்.

“சேது எங்கிட்ட ஒண்ணு சொன்னான் மண்டோரையா. வெங்காயம் உரிச்சிக்கிட்டு இருக்கும்போது சொன்னான். பட்டறையிலருந்து கார்பைட் எடுத்தது அவன். பத்த வச்சதும் அவன். உள்ள அன்னம்மா இருக்காங்க, வேணாம்டான்னு வாசு கையைப் பிடிச்சிருக்கான். மண்டோர் பேரனை எதுத்துச் சொன்னா யாரு நம்புவாங்கன்னுதான் வாசு அன்னிக்கு ‘ம்’னானாம். அன்னம்மாகிட்டயும் சொல்லிட்டான், வாசுகிட்டயும் மன்னிப்புக் கேட்டுட்டான்.”

ரெங்கசாமி அப்போதுதான் உட்கார்ந்தார்.

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

நீங்கள் சொல்லத் தயங்கினீர்கள். அவர் விடவில்லை.

“நானும் அதைத்தான் கேட்டேன்” என்றீர்கள். “‘தாத்தாகிட்ட சொல்ல முடியாது டீச்சர், தாத்தாகிட்ட அழத்தான் முடியும்’னான்.”

சிற்றுண்டிச்சாலையில் யாரோ தட்டுகளை அடுக்குகிற சத்தம் கேட்டது.

“நீங்களா கேக்காதீங்க. தெரிஞ்ச மாதிரியும் காட்டிக்காதீங்க” என்றீர்கள். “அவனே வந்து சொல்லுவான். காத்திருங்க மண்டோரையா.”

காத்திருக்கச் சொன்ன கனிவரசியே! ரெங்கசாமி காத்திருந்தார். அன்று வீட்டுக்கு வந்தபோது சேது, “தாத்தா” என்றான். அவர் வெற்றிலைப் பெட்டியை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்தார். “டிவி சத்தத்தைக் குறைக்கவா தாத்தா?” என்றான். ஆறாம் வகுப்புத் தேர்ச்சி வந்த நாளில், “தாத்தா, ஒண்ணு சொல்லணும்” என்று வந்தான். அவர் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டார். கோலா சிலாங்கூர் பள்ளிக்குச் சைக்கிள் வேண்டும் என்றான். வாங்கிக் கொடுத்தார். அவன் ரவாங்கில் தொழிற்சாலை வேலைக்குக் கிளம்பிய காலையில் அவர் பேருந்து நிற்கும் இடம் வரைக்கும் கூடவே நடந்தார். நடந்தது வழியனுப்ப மட்டும் இல்லை. பேருந்து வந்தது. அவன் காலைத் தொட்டுக் கும்பிட்டான், கண் கலங்கினான், ஏறிப் போய்விட்டான். அப்போதும் அழத்தான் முடிந்தது அவனால்.

அம்மையே, அவருக்குக் கோபம் வெடியின் மேல் இல்லை, பொய்யின் மேலும் இல்லை. அந்த வயதில் அவரும் சொல்லியிருப்பார். அவர் வீட்டுச் சோற்றைத் தின்று, அவர் தோளில் உட்கார்ந்து தேர் பார்த்த பிள்ளை, உள்ளதை உள்ளபடி கொண்டுபோய்க் கொடுத்த கை உங்களுடையது. வாரம் ஐந்து நாள் பார்த்த ஒருவர் வாங்கினார். பிறந்த நாளிலிருந்து பார்த்தவருக்குக் கிடைக்கவில்லை. உங்கள் பதவி உயர்வைக் கண்டு அவர் பொறாமைப்பட்டதில்லை, மாவட்டக் கல்வி அலுவலகத்தில் உங்களுக்குக் கிடைத்த பேரைக் கண்டும் பட்டதில்லை. இதற்குப் பட்டார். இன்றும் படுகிறார். இந்த மண்டபத்தில் உங்களை இவ்வளவு உயர்வாக வேறு யாரும் பாராட்டப் போவதில்லை. பொன்னாடை போர்த்துகிறவர்களிடம் இதைவிடப் பெரியது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

சேது இன்று வந்திருக்கிறான். ரவாங்கில் விடுப்புப் போட்டு, முழுக்கைச் சட்டை போட்டு, உங்களுக்கு ரோஜா மாலை வாங்கிக்கொண்டு, இரண்டாவது வரிசையில் வாசுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். அன்னம்மாவுக்குத் தெரிந்தது, வாசுவுக்குத் தெரிந்தது, உங்களுக்குத் தெரிந்தது, தாத்தாவுக்கும் அப்போதிருந்தே தெரியும் என்பது இப்போது இந்த மடலைக் கேட்டு அவனுக்கும் தெரிந்துவிட்டது. நீங்கள் காத்திருக்கச் சொன்னீர்கள். நீங்கள் ஓய்வு பெறுகிற நாள் வரைக்கும் அவர் காத்திருந்தார். இனி யார் சொல்லுக்காகக் காத்திருப்பது? உங்கள் முறைக்கு இவ்வளவு காலம் கொடுத்தாகிவிட்டது. பலித்ததா, நீங்களே சொல்லுங்கள்.

பணியில் தளராத பெருமாட்டியே! முழங்கால் வலி உங்களை விட்டு நீங்குக! கோலா சிலாங்கூர் வீட்டு வாசலில் நீங்கள் நட்ட கருவேப்பிலை தழைக்க! உங்கள் அந்தோணியார் உங்களைக் காக்க! எங்கள் மாரியம்மனும் கூட நிற்க! கண் மங்காமல், காது மந்திக்காமல், கேட்ட கேள்வி மறக்காமல் நெடுங்காலம் நலமோடு வாழ்க என்று பள்ளி ஆசிரியர்களும் பணியாளர்களும் பெற்றோரும் ஒருமனதாக வாழ்த்தி ஒப்பமிட்டிருக்கிறோம். ஒருமனதாக என்பதில் ரெங்கசாமியும் சேர்த்தி. வாழ்த்தில் மட்டும்.

இதை வாசித்து முடித்ததும் ரமணி டீச்சர் மடலை உங்கள் கையில் தருவார். ரெங்கசாமி மேடையில் நிற்கமாட்டார். படம் பிடிக்க யாரும் கூப்பிட வேண்டாம், பந்திக்கும் இருக்கமாட்டார். படியிறங்கி, நாற்காலி வரிசைக்கு நடுவே நடந்து, பள்ளி வாசலைத் தாண்டி வீட்டுப் பக்கம் போவார். மெதுவாகத்தான் போவார். பின்னால் யாராவது ஓடி வரலாம், வராமலும் இருக்கலாம். வந்தால், மனம் பொறுக்காமல் வந்ததா, இத்தனை பேர் பார்க்கிறார்களே என்று வந்ததா, பார்த்த மாத்திரத்தில் உங்களுக்குத் தெரிந்துவிடும் என்பீர்கள். ரெங்கசாமி அதை நம்பவில்லை. அவர் நடந்துகொண்டிருப்பார்.